சாத்தூரிலிருந்து ஜெனீவாவுக்கு இரண்டு நிமிடம்

கடந்த ஜூனில் ஒரு வியாழக்கிழமை சாத்தூர் போனேன். பட்டாசு ஆலை விபத்தில் தங்கையைப் பறிகொடுத்த ஒரு பெண், ஜெனீவாவில் நடக்கும் தொழிலாளர் பாதுகாப்புக் கூட்டத்தில் இணையம் வழியாகப் பேசவிருந்தார். பல நாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் சேர்ந்து போராடி வாங்கிய வாய்ப்பு அது. மொழிபெயர்ப்பது என் வேலை.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை பத்தரைக்குப் பேருந்து. எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வெயில் நேரத்தில் ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம். சாத்தூரிலிருந்து அச்சங்குளம் தாண்டி அந்தப் பெண்ணின் ஊருக்குப் போக ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபாய். விஷயத்தைக் கேட்ட ஓட்டுநர், "இங்கன மனு கொடுத்தே ஒண்ணும் நடக்கல. அம்புட்டுத் தூரத்துல இருக்கவுகளுக்கா கேக்கப் போகுது?" என்றார்.

அந்தப் பெண்ணைச் செல்வி அக்கா என்று வைத்துக்கொள்வோம். அவரும் பட்டாசுத் தொழிலாளிதான். "வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?" என்றவர், உட்காருவதற்குள் கேட்டார்: "கம்பெனியப் பூட்டச் சொல்லப் போறீகளா?"

"நீங்க சொல்றதைத்தான் சொல்வேன்க்கா."

வெளிநாட்டு அமைப்பு ஒன்று அவர் பெயரில் ஆங்கிலத்தில் எழுதி எனக்கு அனுப்பிய அறிக்கை என் பையில் இருந்தது. இந்தப் பகுதிப் பட்டாசுகளை எந்த நாடும் வாங்கக்கூடாது என்பது அதன் கடைசி வரி. அவரே நேரில் பேசப்போகிறாரே, பிறகு இது எதற்கு என்று நினைத்து நான் அதை வெளியே எடுக்கவில்லை.

மாலை ஆறரைக்குக் கூட்டம் தொடங்கியது. அரசுப் பிரதிநிதிகளும் முதலாளிகள் சங்கத்தினரும் நீட்டி முழக்கினார்கள். ஏழே முக்காலுக்கு அக்காவை அழைத்தார்கள். மொழிபெயர்ப்பும் சேர்த்து இரண்டு நிமிடம்.

"வாசல்ல சரக்க அடுக்கி வச்சிருந்தாக. எந்தங்கச்சியால வெளிய வர முடியல" என்றார். குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டு தொடர்ந்தார். "கம்பெனிய மூட வேணாம். அந்த வேலையிலதான் எங்க ஊரே கஞ்சி குடிக்குது. வாசல அடைக்காதீக, ஒரு ரூமுக்குள்ள ஆளுக்கு மேல ஆள உக்கார வைக்காதீக. சொல்லாம கொள்ளாம வந்து பாருங்க. பாக்க வர்ற ஆளுகளோட எங்களையும் சேத்துக்கோங்க."

தங்கை இறந்ததை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது மணி அடித்தது. தலைவர் அனுதாபம் தெரிவித்துவிட்டு அடுத்தவரை அழைத்தார். ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டீகளா தம்பி?"

"இல்லக்கா."

அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எனக்கு அங்கே உட்காரவே கூச்சமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கூட்டத்தின் ஆவணம் வெளியானது. செல்வி அக்காவின் பெயருக்குக் கீழே அந்த ஆங்கில அறிக்கைதான் இருந்தது; அந்த அமைப்பு முன்பே அதைக் கூட்டத்துக்குக் கொடுத்திருந்ததாம். திருத்தச் சொல்லி எழுதினேன்; காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. அதற்குள் ஊரில் செய்தி பரவி, ஆர்டரைக் கெடுத்தவர் என்று சொல்லி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தொலைபேசியில், "நாஞ் சொல்லாதத எதுக்கு எம்பேர்ல எழுதுனாக?" என்று மட்டும் கேட்டார்.

இதுபோன்ற வேலைக்காக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: சாத்தூரில் இறங்கியதும் சாப்பிட்டுவிடுங்கள், அப்புறம் கடைகள் குறைவு. திரும்பும் ஆட்டோவுக்கு முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெயரில் ஏதாவது காகிதம் கொண்டுபோனால், வேறெதற்கும் முன்னால் அதை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். எனக்கு அன்று பிற்பகல் முழுவதும் நேரம் இருந்தது.