வேனுக்கு ஒரு டேட்டாபேஸ்

என் மகள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது ஒரு நாள் பள்ளி வேனின் பின் இருக்கையில் தூங்கிப்போய்க் கீழே சரிந்துவிட்டாள். எங்கள் தெருமுனையில் வேன் நின்றபோது பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் இறங்கினாள். இருவரும் இறங்கிவிட்டதாக டிரைவர் நினைத்துக்கொண்டார். மற்றவர்களையும் இறக்கிவிட்டு, ஸ்ரீராம்புரத்தில் தன் வீட்டுச் சந்தில் வேனைப் பூட்டி நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

அப்போது எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அந்த நேரத்தில் ஓசூர் ரோட்டில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் செல்போன் கிடையாது. வீட்டுக்கு வந்தால் கணவர் செருப்பில்லாமல் தெருவில் நிற்கிறார். இருட்டும் நேரத்தில் அந்தச் சந்தில் போன யாரோ வேன் கண்ணாடியை ஒரு கை தட்டுவதைப் பார்த்து டிரைவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டை முழுக்க வியர்வை. தண்ணீர் கேட்டாள், இட்லி சாப்பிட்டாள், தூங்கிவிட்டாள். அன்றும் அதைப் பற்றிப் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டோம்.

நான் வேலையை விட்டேன். காலையிலும் மாலையிலும் ஸ்கூட்டரில் நானே அவளைக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தேன். சில வாரங்களில் அவள் கேட்க ஆரம்பித்தாள்: "எல்லாரும் வேன்ல போறாங்க. நான் மட்டும் ஏம்மா ஸ்கூட்டர்?"

"அம்மா ஒரு புரோகிராம் எழுதறேன். அது முடிஞ்சதும் வேன்."

சும்மா சொல்லவில்லை. பள்ளி முதல்வரிடம், காசு வேண்டாம், எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பார்க்கலாம் என்றார். பள்ளி விடும்போது எந்தக் குழந்தை எந்த வேனில் ஏறியது என்று அலுவலகத்தில் பதிய வேண்டும். கடைசிக் குழந்தையை இறக்கியதும் டிரைவர் ஒரு பூத்திலிருந்து போன் செய்ய வேண்டும். போன் வராத வேன் திரையில் சிவப்பாக நிற்கும். இவ்வளவுதான் திட்டம்.

இதற்கு ஒரு டேட்டாபேஸ், அதாவது பதிவுகளைச் சேர்த்து வைக்கும் மென்பொருள், தேவை. வேலை பார்த்த கம்பெனியில் நான் பழகியது லட்சங்களில் விலை போவது. அதன் திருட்டு சிடி நடைபாதையில் கிடைத்தது. ஆனால் ஒரு பள்ளியின் கணினியில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. இலவசமாகக் கிடைத்தவற்றில் இரண்டு தேறின. ஒன்று வேகமானது. இன்னொன்று மெதுவானது, வீட்டுக் கணினியில் அதை ஓட்ட லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் சேர்த்துப் போட வேண்டியிருந்தது. இரண்டையும் சிடியில் கொண்டுவந்து கொடுத்தவர் என்னோடு வேலை பார்த்த ஈரோட்டுக்காரர். அவருக்குச் சந்தேகமே இல்லை.

"வேகமானதையே போடுங்க மேடம். வெப்சைட்காரங்க எல்லாம் அதுதானுங்க வெச்சிருக்கறாங்க. இன்னொன்னு மாட்டு வண்டிங்க."

"கரண்ட் போனா?"

"யூபிஎஸ் வாங்குங்க."

"யூபிஎஸ்ஸும் போனா?"

"அப்பறம் ஜெனரேட்டருங்க, அப்பறம் கரண்ட் எடுக்க ஒரு டேமுங்க. இப்படியே கேட்டுக்கிட்டே போனா எப்படிங்க மேடம்?"

கரண்ட் எங்கள் பகுதியில் தினமும் போனது. ஆகவே நானே சோதித்துப் பார்த்தேன். வேகமானதில் ஒரு வேனையும் அதில் போகும் குழந்தைகளையும் பதிந்தேன். டிரைவர் போன் செய்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு பயணத்தை முடிக்கும் பட்டனை அழுத்தினேன். புரோகிராம் முதலில் வேனை முடிந்தது என்று குறிக்கும். பிறகு ஒவ்வொரு குழந்தையாக வீடு சேர்ந்தது என்று எழுதும். இடையில் சில நொடிகள் நிற்கும்படி செய்திருந்தேன். பாதியில் பிளக்கைப் பிடுங்கினேன்.

மறுபடி கணினியைப் போட்டபோது திரையில் சிவப்பு இல்லை. வேன் வந்து சேர்ந்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் நான்கு குழந்தைகள் இன்னும் வேனுக்குள் இருந்தார்கள். அந்த நால்வரும் நான் பொய்யாகப் போட்ட பெயர்கள்தான். என்றாலும் எழுந்துபோய் அடுத்த அறையில் படம் வரைந்துகொண்டிருந்த மகளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஈரோட்டுக்காரர் போனில் சொன்னது சரியான பதில்தான். "வரிசைய மாத்துங்க. கொழந்தைங்கள மொதல்ல எழுதிட்டு வேன கடைசியா எழுதுங்க. முடிஞ்சுதுங்க." அந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒரு குழந்தையை ஒரு வேனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் இடத்தில் நான் அந்த வரிசையை மறந்துபோகலாம். என் ஞாபகத்தை நம்பி எதையும் விட எனக்கு அப்போது தைரியம் இல்லை.

மெதுவானதிலும் அதையே செய்தேன். அதில் வேனையும் குழந்தைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கலாம். கடைசியில் 'முடிந்தது' என்று சொல்லும்வரை அது எதையுமே நடந்ததாக ஏற்காது. பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டால், வேன் இன்னும் ரோட்டில், எல்லாக் குழந்தைகளும் வேனுக்குள், திரை சிவப்பு. அதாவது வீடு சேர்ந்தவர்களைக்கூடச் சேரவில்லை என்றது. அந்தத் தவறு பரவாயில்லை. யாராவது போன் செய்து விசாரிப்பார்கள்.

கணவரிடம் விளக்கினேன். பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னார்: "தேடிப் புடிச்சு உன்ன மாதிரியே ஒண்ணக் கொண்டாந்திருக்க. எல்லாரும் வீட்டுக்கு வர்ற வரைக்கும் நம்பாது."

"நம்பி என்ன ஆச்சுன்னு பாத்தோமே."

அவர் பேப்பரை மறுபடி விரித்தார்.

அதன் பிறகும் நான் சோதனைகளை நிறுத்தவில்லை. ஒரு வாரம் இன்னொரு வாரமானது. பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிக் கணினி எழுந்திருக்கவே தயங்கியது. ஒரு மாலை மகள் கதவருகே நின்று, "இன்னும் எத்தன தடவ ஆஃப் பண்ணுவ? நீ என்ன வேன்ல அனுப்பவே போறதில்ல," என்றாள். கணவர் தொலைக்காட்சியிலிருந்து திரும்பாமலே, "கொழந்தைக்குப் புரிஞ்சுபோச்சு," என்றார்.

மறுநாள் சிடியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்த கிளார்க் அம்மா கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார். "ஃபீஸ் என்ட்ரியே பாக்கி இதெ, பாக்கி இருக்கு மேடம். ஸ்கூல் விடற டைம்ல நான் கேட்ல நிக்கட்டுமா, கம்ப்யூட்டர்ல தட்டட்டுமா?" முதல்வர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அதற்குள் வேனுக்குப் புது டிரைவர் வந்திருந்தார். மகள் அடுத்த வருடம்வரை காத்திருக்கத் தயாராக இல்லை. திங்கட்கிழமை அவளை வேனில் ஏற்றினேன்.

அன்று மாலை பள்ளி விட்டதும் கிளார்க் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஏறிவிட்டாள் என்றார். புரோகிராமில் ஒரே ஒரு குழந்தையைப் பதிந்தேன். திரை சிவப்பாக நின்றது. நான் ஜன்னலுக்கும் திரைக்கும் நடந்துகொண்டிருந்தேன். வேன் சத்தம் கேட்டது. ஆனால் கிளம்பும் சத்தம் உடனே கேட்கவில்லை. நான் படியிறங்கி ஓடுவதற்குள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டாள்.

"ஏன் இவ்ளோ நேரம்?"

"ஒரு யூகேஜி பொண்ணு பின்னாடி தூங்கிடுச்சு. எழுப்பி டிரைவர் அங்கிள் பக்கத்துல உக்கார வெச்சிட்டு வந்தேன்."

"அங்கிள் சொன்னாரா?"

"இல்ல. நானேதான் பாத்தேன். பின்னாடி தூங்கினா யாருக்கும் தெரியாதும்மா. எழுந்து தட்டினாலும் ரொம்ப நேரம் கேக்காது."

ஷூவின் லேஸை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது, கொடுத்தேன். அவள் விளையாடப் போன பிறகு, அவள் வீடு சேர்ந்ததைப் பதிந்தேன். சிவப்பு போனது. பள்ளி இந்தப் புரோகிராமை எப்போது எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளுமா என்றே தெரியாது. ஆனாலும் அதைத் திறந்து, ஒவ்வொரு பயணத்துக்கும் இன்னொரு கேள்வியைச் சேர்த்தேன்: எல்லா இருக்கைகளையும் பார்த்தாயிற்றா? யாரும் பதில் சொல்லாதவரை அதன் பதில் 'இல்லை' என்று இருக்கும்படி வைத்தேன்.