பல்சக்கரத்துக்கு வைத்த பொட்டு

பட்டறைத் தொழிலில் என்ஜினைத் திறப்பதற்குத் துணிவு போதும். மூடுவதற்குத்தான் அறிவு வேண்டும். வண்டியை நம்பி ஒப்படைத்துவிட்டு வாசலில் நின்று வாடிய அன்பர்கள் முதலில் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். என்ஜினின் பக்கவாட்டு மூடிக்குள் இரண்டு பல்சக்கரங்கள் இருக்கின்றன. சிறியது பெரியதைச் சுழற்ற, பெரியதோடு சேர்ந்த கேம் என்னும் புடைப்பு, காற்றும் புகையும் போய்வரும் வால்வுகளை உரிய நேரத்தில் திறக்கிறது. இரு சக்கரங்களிலும் தொழிற்சாலையில் குத்திய புள்ளி ஒன்று உண்டு. புள்ளிக்கு நேரே புள்ளி நின்றால் என்ஜின் ஓடும். இரண்டு பல் தவறினால் உதைத்தவர் கால்தான் ஓயும். இதைக்கூடக் கல்லாமல் மெக்கானிக் ஆனவர்கள் காரைக்காலில் பலர்.

மரண அறிவிப்பு

பிரெஞ்சுக்காரர்கள் கொடியிறக்கிப் போன மறு ஆண்டு, ஆயுத பூசை கழிந்த வாரம். என் கணவர் விட்டுச்சென்ற பட்டறைக்குத் திருமலைராயன்பட்டினத்துக் கருவாட்டு வியாபாரி மரைக்காயர், இருவர் தள்ளத் தம் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தார். கேம் பக்கம் இரைச்சல் என்று கோட்டுச்சேரி மெக்கானிக் வைத்தியலிங்கத்திடம் விட்டிருக்கிறார். திரும்பி வந்த வண்டி ஓடவே இல்லை. என்ஜின் செத்துவிட்டது என்று தீர்ப்பளித்த வைத்தியலிங்கம், அதைப் பழைய இரும்பாக வாங்கிக்கொள்ளத் தம் மைத்துனரையே அன்று மாலை வரச் சொல்லியிருந்தார். வண்டி போனால், கடற்கரை ஊர்களைச் சுற்றிச் சரக்கெடுக்கும் பிழைப்பும் போகும். மரைக்காயர் சொன்னார்: "நீங்களும் மவுத்துன்னு சொல்லிட்டீங்கன்னா குடுத்துடுறேம்மா."

அனுபவசாலியின் கண்

எங்கள் மூத்த தொழிலாளி முருகையன் ஒரே ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டுச் சிலிண்டரைக் கழற்றப் போனார். தடுத்து, பல்சக்கர மூடியைத் திறக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே திறந்தார். உள்ளே சந்தனம், நடுவே குங்குமம். சக்கரத்துக்கு ஒரு பொட்டு. வைத்தியலிங்கம் கழற்றிய சக்கரங்களைக் கழுவிப் பூசையில் வைத்திருக்கிறார். பிறகு அந்தப் பொட்டுகளையே அடையாளமாகக் கொண்டு பூட்டியிருக்கிறார். ஓடாத என்ஜின் ஆகையால் அவை அழியவுமில்லை. பொட்டுகளை நேருக்கு நேர் நிறுத்தித் துடைத்துப் பார்த்தேன்; குத்துப்புள்ளிகள் இரண்டு பல் விலகி நின்றன. அதையும் பார்த்துவிட்டு முருகையன் சொன்னார்: "ஆனாலும் பொட்டு ரெண்டும் நேராத்தாங்க இருந்துச்சு."

எதிர்வாதம்

மாலையில் வண்டியைத் தேடி மைத்துனரோடு வைத்தியலிங்கமும் எங்கள் பட்டறைக்கே வந்தார். அவருக்குக் காட்டுவதற்காகவே அதுவரை மாற்றிப் பூட்டாமல் வைத்திருந்தேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். வெட்கம் வருமென்று எதிர்பார்த்தது என் பிழை. நிமிர்ந்து அவர் சொன்னார்: "சாமிக்கு வச்ச பொட்டும்மா. அது எப்படித் தப்பாகும்?"

பின்னர் உறுதியானவை இவை. புள்ளிக்கு நேரே புள்ளியை நிறுத்திப் பூட்டியதும் இரண்டாம் உதையில் என்ஜின் எழுந்தது. வால்வுகள் வளையவில்லை. முதலில் கேட்ட இரைச்சலுக்குக் காரணம் சிறிய சக்கரத்தின் தளர்ந்த நட்டு. வைத்தியலிங்கம் அதை முடுக்காமலே மூடியிருந்தார். மரைக்காயர் அதே வண்டியில் காரைக்கால்மேட்டுக்குச் சரக்கெடுக்கப் போனார். மைத்துனர் வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

பொட்டு வைக்க விரும்புவோர்க்கு என்ஜினின் வெளிப்புறத்தில் இடம் தாராளமாக இருக்கிறது.