கிள்ளானில் நின்ற வண்டியில் ஓர் அடிக்குரல்

மழையில் கிள்ளான் நிலையத்தில் ரயில் நின்றுகொண்டிருக்கிறது. வண்டி முழுக்கக் கப்பலுக்குப் போகிற கூட்டம். தோட்டத்திலும் பட்டறையிலும் வேலை போய் ஊருக்கு அனுப்பப்படுகிறவர்கள். எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும். அவர் தகரப் பெட்டியை மடியில் வைத்தபடி ஒரே சுரத்தை இழுக்கிறார், இன்னொன்றுக்கு இறங்குகிறார், மறுபடி இழுக்கிறார். எனக்கோ காலையிலிருந்து தலைவலி.

"உடம்புக்கு முடியலையா அண்ணே?" என்கிறேன்.

"பாடுறேன் தம்பி."

பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயில் சாமியார் புதிதாக ஒரு பாட்டுப் பூசை எழுதியிருக்கிறாராம். புதியதுதான், ஆனால் பழங்காலத்து முறை: ஆர்மோனியம் கிடையாது, நான்கு குரல்கள் மட்டும். அடிக்குரல் பழைய லத்தீன் மெட்டு ஒன்றை மெதுவாக நீட்டிப் பிடிக்க, மற்ற மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு அதன்மேல் ஓடும்.

"அந்த அடிக்குரல் நான்தான். ரயில் பட்டறையில ஆள் கொறச்சிட்டாங்க. வர்ற ஞாயித்துக்கெழமதான் மொதமொதல்ல பூசையில பாடுறாங்க."

"ஊர்ல போய்ப் பாடலாமே" என்கிறேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"இத மட்டும் தனியாப் பாடினா பாட்டா இருக்காது. நீங்களே காய்ச்சக்காரன்னுதானே நெனச்சீங்க."

வண்டி நகர்கிறது. அவர் மறுபடி தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுகிறார். வெகுநேரம் மழைச் சத்தம் மட்டும். முடிந்துவிட்டதென்று நான் சன்னலை மூட எழுகிறேன்.

"கொஞ்சம் இருங்க தம்பி" என்கிறார் அவர் மனைவி, மெதுவாக. "இப்ப மத்தவங்க பாடுறாங்க."