மெதாய் குத்திய கோட்டு

கடையைத் திறந்ததும் கமருஸ்ஸமான் முதலில் அளப்பது தம் மார்பைத்தான். டேப்பைச் சுற்றி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எண்ணைப் பார்ப்பார். நேற்றைவிடக் கூடவில்லை என்றால் முகம் தெளியும். பிறகுதான் மெஷினுக்கு எண்ணெய், தனக்குப் பால் இல்லாத ஒரு டீ.

புதுச்சேரி முல்லா வீதியில் இவ்வளவு ஒல்லியான தையல்காரர் வேறு இல்லை. கல்யாண வீட்டுப் பிரியாணி மணம் வந்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிற ஆசாமி. "பெரியாஸ்பத்திரில எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒடம்புல ஒண்ணுமில்லயாம். சோத்தக் கண்டாதான் இவங்களுக்கு பயம்" என்கிறார் மனைவி ஜஹபர் நிஷா. பயம் சோற்றைக் கண்டு இல்லை என்பது, இவரிடம் பேன்ட் தைத்துக்கொள்கிற எனக்கு இந்த ஜூலையில்தான் தெரிந்தது.

பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற 'சொல்தா'க்களின் கோட்டுகள் இவரிடம் வரும். பதக்கத்தை அவர்களைப் போலவே 'மெதாய்' என்பார். ஜூலை பதினான்கு, பிரெஞ்சு தேசிய நாள் விழாவுக்கு முன் பழைய ரிப்பனை மாற்றி, மெதாயை நேராகக் குத்தித் தருவார்.

அவற்றில் ஒரு கோட்டுக்கு மட்டும் ஆள் இல்லை. அதன் சொந்தக்காரர் கப்பித்தேன் தணிகாசலம், குதிரைப்படையில் கேப்டனாக இருந்தவர். அல்ஜீரியச் சண்டையில் குதிரைமேல் இருந்து வாங்கிய மெதாய் அந்தக் கோட்டில் இருக்கிறது. வாசலை அடைத்து நிற்கிற உடம்பு. கடைசியாக அளவு கொடுத்த அன்று இவர் தோளில் தட்டி, "எனக்கப்பறம் இது ஒனக்குத்தான்டா கமரு. கப்பித்தேன் சொன்னா சொன்னதுதான்" என்றாராம். இவருக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

கப்பித்தேன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மனைவி பார்வதி மதாம் கோட்டைப் பீரோவில் பூட்டிவைத்து, ஜூலையில் மட்டும் தேய்க்கக் கொண்டுவருகிறார். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் சிறுத்து வருகிறது.

"துணி சுருங்கியிருக்கும் பாய்" என்றேன்.

இந்த வருஷம் தேய்க்க வந்திருந்த கோட்டின் உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். பக்கத் தையல் இழுத்துப் பிடித்துப் போடப்பட்டிருந்தது. முடிவில் இவருடைய இரட்டை முடிச்சு. என் பேன்ட்டிலும் அதே முடிச்சுதான்.

"தையல் என்னுது. நான் தெக்கல. மௌத்து, அதான் சாவு, அல்லா கையிலன்னு தெரியும்ங்க. ஆனா இதத் தெச்சிருக்கறது எங் கையாச்சே."

வேண்டாம் என்று மதாமிடம் சொல்லிவிடக் கூடாதா என்று கேட்டேன்.

"சொல்லிப் பாத்துட்டேன். 'அவரு குடுத்த வாக்குப்பா, நான் என்னா செய்யறது'ன்றாங்க. என் அளவுக்கு வந்துட்டா, போட்டுக்கினு வாடான்னு கப்பித்தேன் கூப்புட்டுடுவாரு. அது எளைக்க எளைக்க நானும் எளைக்கிறேன்."

கோட்டு மேசைமேல் கிடந்தது. மெதாயைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வெயிலே படாத அந்தக் கடைக்குள் அது வெதுவெதுவென்று இருந்தது. சட்டென்று மேசைமேல் வைத்தேன்.

பொத்தான்களைப் போட்டு, கோட்டின் மார்பைச் சுற்றி அளந்தார். எண்ணைப் பார்க்கவில்லை. அளவு முடிந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, அதே டேப்பைத் தம் மார்பில் சுற்றினார். டேப்பின் நுனி கட்டைவிரலில் வந்து தொட்டது.

உள்ளிருந்த மூச்சை எல்லாம் மெல்ல வெளியே விட்டார். ஜிப்பாவுக்குள் மார்பு ஒடுங்கியது. டேப்புக்கும் மார்புக்கும் நடுவே நூலளவு இடம் விழுந்தது. அதைப் பார்த்தபடி, மறுமூச்சு இழுக்காமல் நின்றார்.