அபூ சுஃப்யான் தொடாத காபி

அபூ சுஃப்யான் சுவீடனின் மால்மோ நகரில் இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். எங்கள் ஜோர்டான்காரர்களுக்காக அவர் இதுவரை முப்பத்தேழு வீடுகளில் பெண் கேட்டிருக்கிறார். பெண்ணின் தகப்பனார் "கொடுத்தோம்" என்று சொல்லும்வரை, அவர்கள் தரும் காபியைத் தொடமாட்டார். அதுதான் எங்கள் முறை.

மே 18, ஞாயிறு மாலை 4.10க்கு, தம்பி மகன் யஸனுக்காக, லென்னார்ட் என்ற சுவீடன்காரர் வீட்டில், தந்த காபிக் கோப்பையைக் குடிக்காமல் மேசைமேல் வைத்தார்.

"உங்க மக தூவாவ எங்க பையனுக்குக் கொடுங்க."

"அவ என்ன பொருளா, நான் கொடுக்க? அவகிட்டயே கேளுங்க" என்றார் லென்னார்ட்.

"ஐயா, ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"நம்பாதத நான் சொல்ல மாட்டேன்."

இருபத்திரண்டு நிமிடம் இப்படியே போயிற்று.

"பெரியப்பா, குடிச்சிடுங்களேன்" என்று யஸன் கெஞ்சினான்.

"வாய மூடுடா! பொண்ணு கேட்க வந்தேனா, ஓசிக் காபிக்கு வந்தேனா?"

கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியை, அப்பா அருகில் உட்கார்ந்திருந்த தூவா பக்கம் திருப்பினார். "நீயே சொல்லும்மா. எங்க வீட்டுக்கு வர்றியா?"

"வர்றேன், மாமா. யஸன எங்களுக்குக் கொடுக்கிறீங்களா?"

முப்பத்தேழு வீடுகளிலும் இதை எவரும் அவரிடம் கேட்டதில்லை. அவளும் தன் கோப்பையைத் தொடாமல் காத்திருந்தாள்.

"கொடுத்தோம், கொடுத்தோம்! குடிச்சுத் தொலை!" என்று எரிந்து விழுந்தார் அபூ சுஃப்யான்.