இரண்டு விரலில் திரும்பும் வைஸ்

எங்கள் வீட்டுப் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்கு எதிரே ஒரு பழைய மேசை கிடக்கிறது. அதன் ஓரத்தில் பொருத்தியிருக்கும் சின்ன வைஸை முந்தாநாள் துடைத்தேன். இரும்பு வாயால் சாமானைக் கவ்விப் பிடிக்கும் அந்தக் கருவி பட்டறையில் இருக்க வேண்டியது. வீட்டில் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அதன் இரண்டு தாடைகளிலும் செருப்புத் தோல் ஒட்டியிருக்கிறது. எண்ணெய் ஊறிக் கறுத்துப்போயும் தொட்டால் இன்னும் மெத்தென்றிருக்கிறது. தொடும்போதெல்லாம் என் தம்பியின் நினைவு வரும். கூடவே ஒரு பயமும் வரும். ஏழெட்டு வருஷம் ஆகியும் அது நிற்கவில்லை.

என் கணவருக்குக் கப்பலில் வேலை. மாதக்கணக்கில் வீட்டில் இருக்கமாட்டார். நான் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து, என் ஒரே மகளை வளர்த்துக்கொண்டிருந்தேன். துணைக்குத் தம்பி எங்களோடு இருந்தான். துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். எங்கள் அப்பா எண்ணூர் உப்பளத்தில் மேற்பார்வை பார்த்தவர். அவர் வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியும் அதன் லைசென்சும் அவருக்குப் பின் தம்பி பெயருக்கு வந்தன. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமையில் உப்பங்கழிப் பக்கம் போய் வாத்து சுட்டுக்கொண்டு வருவான். அதை நான் சமைப்பேன். ஆனால் துப்பாக்கியை ஒருநாளும் தொட்டதில்லை.

ஒருநாள் தம்பி மடியில் வைத்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, எண்ணெய்க் கையிலிருந்து வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"காலித் துப்பாக்கிக்கா! உள்ள ஒண்ணும் இல்ல. நீ கத்துன கத்துல நான்தான் செத்துப் பூட்டேன்" என்று சிரித்தான் தம்பி.

அந்தச் சமயத்தில் என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. தன்னையும் உப்பங்கழிக்குக் கூட்டிப்போகச் சொல்லி மாமனை நச்சரித்துக்கொண்டிருந்தாள். நான் முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். கடற்கரைக்கா, முடியாது. தோழி வீட்டுக்கா, முடியாது. கடைசியில் தம்பி சமரசம் பேசினான். துப்பாக்கியை இனிமேல் வைஸில் பிடித்து வைத்துத்தான் துடைப்பான். அப்படிச் செய்தால் நான் மகளை அனுப்ப வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

வண்ணாரப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் போனோம். உலக யுத்தம் அப்போதுதான் முடிந்து, பட்டாளத்துச் சாமான்கள் அங்கே மலையாகக் குவிந்திருந்தன. கைக்கு அடக்கமாக வழவழப்பான தாடையோடு ஒரு சின்ன வைஸ் இருந்தது. பக்கத்திலேயே, தாடை முழுக்கப் பல் பல்லாக, ஒரு பெரிய வைஸ்.

"இன்னாத்துக்கு தாயீ?" என்றார் பாய்.

கடைத்தெருவில் துப்பாக்கி என்று சொல்லத் தம்பிக்குக் கூச்சம். "வூட்டு வேலைக்குத்தான் பாய்" என்றான்.

"வூட்டு வேலைக்கா? பெருச எடுத்துக்கோ நைனா. கப்பலக் கூட ஓடாத புடிச்சிக்கும்."

எனக்கும் அதுதான் பிடித்தது. அது கவ்வினால் எதுவும் வழுக்காது, எதுவும் விழாது என்று தோன்றியது. தம்பிக்கும் அது பட்டறையில் பழகிய உருவம். ரிக்ஷாவில் ஏற்றும்போது ரிக்ஷாக்காரர், "இன்னாம்மா, ஆனைக்குட்டியா? அதுக்குத் தனி டிக்கெட்டு" என்றார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தோம்.

உப்பங்கழிக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், தம்பி குழலைத் தனியே கழற்றி, சாக்குத் துணி சுற்றி, புது வைஸில் வைத்து இறுக்கினான். பட்டறையில் அவன் பிடிப்பதெல்லாம் உள்ளும் புறமும் ஒரே இரும்பான தண்டுகள். உடம்பின் பாரம் முழுவதையும் கைப்பிடியில் போட்டுத்தான் அவனுக்குப் பழக்கம். அன்றும் அப்படியே செய்தான். உள்ளே வெறும் காற்றுதான் இருக்கிறது என்பது அவன் தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. நானும் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் இறுக்குப்பா" என்றேன்.

துடைத்து முடித்ததும் மாமனுக்கும் மருமகளுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. கழற்றிய குழலை அவன் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பான். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பாள். பளபளவென்று வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும் ஒளியை நிலா என்பாள். அன்று பார்த்துவிட்டு, "மாமா, ஒரு நிலா நசுங்கிக் கீது" என்றாள்.

"உன் கண்ணுதான் நசுங்கிக் கீது, போடி" என்றான்.

அவள் மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. குழலைக் கொடுத்துவிட்டு, மறுநாளுக்கு எடுத்துவைத்திருந்த பாவாடையை மடிக்கப் போய்விட்டாள். அவள் அப்படிச் சட்டென்று அடங்குகிற பெண் அல்ல. ஒன்றைச் சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டாள். அந்த மௌனம்தான் என்னை உறுத்தியது. வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தக் குழலைக் கையில் வாங்கி, அவள் செய்தது போலவே ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முதலில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. மெல்லத் திருப்பியபோது, நடுவில் ஒரு வட்டம் ஒரு பக்கமாகச் சப்பையாகி, அதன்மேல் நகக்கீறல் போல நிழல் விழுந்திருந்தது.

பின்கட்டில் இருந்த தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் கண்ணால் பார்க்கவில்லை. வெளிப்புறத்தை விரலால் தடவிக்கொண்டே போனான். ஓரிடத்தில் விரல் நின்றது. அப்படியே துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"இத்த வச்சி சுட்டிருந்தா வெடிச்சிருக்கும்க்கா. நாளைக்கி அவ என் தோளாண்டதான் குந்திகினு இருந்திருப்பா."

ஆனால் என்னை இன்றுவரை உலுக்குவது அது அல்ல. மகளிடம் போய், "பார்த்ததை ஏண்டி ஒரே தடவை சொல்லிட்டு விட்டுட்டே?" என்று கேட்டேன்.

அவள் பாவாடையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொன்னா நீ போகவே வாணாம்னு சொல்லிடுவே. அதான்" என்றாள்.

ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று நான் போட்டு வைத்திருந்த தடைகள்தான் அவள் வாயை அடைத்திருக்கின்றன. இதற்குமேல் அன்றைக்கு யோசிக்க முடியவில்லை. விடிந்ததும் தம்பியை எழுப்பி, துப்பாக்கி இல்லாமல் அவளைக் கழிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். உண்மையைச் சொன்னதற்கு அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழக்கக்கூடாது. போய்த் திரும்பும்வரை வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன். காத்திவாக்கத்துப் பெண்கள் சேற்றில் கைவிட்டு இறால் பிடித்ததையும், பறவைகள் கூட்டமாக எழும்பியதையும் இரவு முழுக்கச் சொன்னாள். குறுக்கிடாமல் கேட்டேன்.

துப்பாக்கியை மவுண்ட் ரோட்டில் ஒரு கடையில் கொடுத்துக் குழலின் நசுங்கலைச் சரிசெய்தோம். பெரிய வைஸைத் திருப்பிக் கொண்டுபோய், இந்தத் தடவை தம்பி உள்ளதைச் சொன்னான்.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா நைனா? இன்னா கஞ்சா மூட்டையா வாங்க வந்தே?" என்று திட்டிக்கொண்டே அந்தச் சின்னதை எடுத்துத் துடைத்தார். "பல் இல்லாத வாய் இது. தோலு ஒட்டிக்கோ. ரெண்டே வெரல்ல திருப்பு, ஆடாம நின்னாப் போதும். உள்ளங்கைய வெக்காதே."

தம்பி இப்போது விசாகப்பட்டினத்தில் இருக்கிறான். துப்பாக்கியும் அவனோடு போயிற்று. வைஸை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

நாளை மறுநாள் மகள் நர்ஸ் படிப்புக்காக வேலூர் போகிறாள். அவளுடைய டிரங்குப் பெட்டியின் கொண்டி வளைந்திருந்தது. இன்று காலை அதைக் கழற்றிக் கொண்டுவந்து தோல் தாடைகளுக்கு நடுவே வைத்தாள். நான் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினேன். திருப்பிக்கொண்டே இருந்தேன்.

"போதும்மா" என்று என் கைமேல் கை வைத்தாள். பிறகு அந்தக் கையை எடுக்காமலே, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா போக வேணாம்னு சொல்லக்கூடாது" என்றாள்.

கைப்பிடியை விட்டுவிட்டு, துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தேன்.

"சொல்லு" என்றேன்.