மூன்று இருமல்

அன்று இரவு யோங்ஜு ஊரில் என் வீட்டில் இருந்தவர்கள் நால்வர். குவாக் யங்-தே ஆகிய நான், என் தம்பி தொக்-சு, மகன் கி-சொக், மருமகள் ஹே-ரன். நடந்ததை நால்வரும் கேட்டோம். பதினான்கு தலைமுறையாகப் பெயர் கெடாத குடும்பத்துக்கு நான் மூத்தவன். கட்டுக்கதை சொல்லி அந்தப் பெயரைக் கெடுக்க எனக்கு அவசியம் இல்லை.

என் மனைவி மல்-சுன் இறந்தபின் வந்த முதல் திதி அது. படையல் வைத்து, சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே வந்துவிடுவது எங்கள் வழக்கம். இறந்தவர் தனியாகச் சாப்பிட வேண்டும். பிறகு மூத்தவன் மூன்று முறை இருமுவான். அதன் பின்புதான் கதவைத் திறக்கலாம்.

படையல் அவளுடைய அறையில்தான். அங்கிருந்த தொலைக்காட்சிப் பெட்டியை மடிப்புத் திரையால் மறைத்து, அதன் மின் இணைப்பையும் கி-சொக் பிடுங்கிவிட்டான். உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சம் மட்டுமே.

மணி எட்டரை.

உள்ளே கடலை உடைக்கும் சத்தம் கேட்டது. படையலில் நாங்கள் கடலை வைக்கவில்லை.

டக்... டக்...

பிறகு அவள் குரல்.

"ஏம்மா, இவன் மூக்கத் தடவுறான் பாரு. பொய் சொல்றான்."

ஹே-ரன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மல்-சுன் இருந்தபோது தினமும் இரவு எட்டரைக்கு மாமியாரும் மருமகளும் கடலை உடைத்துத் தின்றபடி தொலைக்காட்சித் தொடர் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. வாசலில் என் இருமல் கேட்டதும் பெட்டி அணைந்துவிடும். நான் உள்ளே நுழையும்போது இருவரும் பூண்டு உரித்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த மாமியாக்காரிக்கு நடிக்கவே வரல. அழுவுறா, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. வெங்காயம் வாங்கிக் குடுங்கடா அவளுக்கு."

அதே கேலி. அதே சிரிப்பு.

தம்பி என் கையைப் பிடித்தான்.

"அண்ணே, இருமுங்க. நேரமாச்சு."

இருமுவதற்கு மூச்சை இழுத்தேன்.

"அப்பாடா... புள்ள கண்ணு முழிச்சுட்டான். சாகல."

பிறகு, தாழ்ந்த குரலில்...

"ஏம்மா, சத்தத்தக் கொற. அவரு வர்ற நேரம்."

இழுத்த மூச்சை மெல்ல விட்டேன்.

ஹே-ரன் என்னைப் பார்த்தாள். பிறகு கதவருகே குனிந்து சொன்னாள்.

"இல்ல, அத்த. மாமா இன்னும் வரல. நீங்க பாருங்க."

நான் இருமவில்லை.

டக்... டக்...

நின்றோம்.

"முடிஞ்சுபோச்சு. மிச்சத்த நாளைக்குப் பாப்போம்."

அதன் பின் ஒன்றுமில்லை. வெகுநேரம் காத்திருந்தேன்.

ஒன்றுமில்லை.

மூன்று முறை இருமினேன். கதவைத் திறந்தோம். சோறு ஆறிப்போயிருந்தது.

மறுநாள் இரவு ஹே-ரன் முகம் வெளுத்து என்னிடம் ஓடிவந்தாள். அவள் இப்போது பார்த்துவரும் தொடரில் ஒருவன் மூக்கைத் தடவிக்கொண்டே பொய் சொன்னானாம். மாமியார் கண்ணீரில்லாமல் அழுதாளாம். மருத்துவமனையில் கிடந்த பையன் கண் விழித்தானாம். எல்லாம் அதே வரிசையில். முந்தைய நாள் வந்திருக்க வேண்டிய பகுதி அது. கால்பந்தாட்டம் ஒளிபரப்பானதால் அன்று வரவில்லை. நாட்டில் யாருமே அதைப் பார்த்திருக்க முடியாது. அந்தத் தொடர் தொடங்கியதே மல்-சுன் இறந்த பிறகுதான்.

குவாக் வீட்டுக் கிழவன் பயந்துபோய்த் திதியைப் பாதியில் விட்டுவிட்டான் என்று ஊரில் பேசுகிறார்கள். தவறு. திதி முறைப்படி முடிந்தது. தாமதமாக முடிந்தது, அவ்வளவுதான்.